மின்னல் இருவருக்கு, கிட்டார் ஒருவனுக்கு

'மின்னல் முரளி' என்ற மலையாள சூப்பர் ஹீரோ படத்தின் பாடல்களுக்கு ஷான் ரஹ்மானும் சுஷின் ஷ்யாமும் இசையமைத்தார்கள். பின்னணி இசை சுஷினுடையது. பேசில் ஜோசப் இயக்கிய இப்படம் 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானபோது எல்லோர் வாயிலும் இருந்தது சுஷினின் 'தீ மின்னல்'தான். நாயகனான தையல்கடை ஜெய்சன் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடத் தொடங்கினால் தாளம் முந்திக்கொள்ளும். அதன் தோளில் கிட்டார் ஏறிக்கொள்ளும். குறுக்கன்மூலை என்கிற கற்பனைக் கிராமத்துக் கதைக்கு உலகத் தரம் தந்தது இந்த ராக் சாயல்தான் என்ற பாராட்டு அன்றிலிருந்து ஓயவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த இன்னொரு மலையாள சூப்பர் ஹீரோ படமான 'லோகா' 300 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய பிறகு பாராட்டாக இருந்தது விதியாகவே இறுகிவிட்டது. சூப்பர் ஹீரோ என்றால் கனத்த தாளமும் கரகரத்த கிட்டாரும் வேண்டும். செண்டையும் நாதசுவரமும் தேவைப்பட்டால் ஓரமாக வந்துபோகலாம்.

விதிக்குச் சாதகமானவற்றை முதலில் சொல்லிவிடலாம். கிட்டார் செலவு குறைந்த கருவி. பெரிய வயலின் கூட்டத்தை வாடகைக்கு அமர்த்தித்தான் எட்ட முடிகிற கனத்தில் பாதியை ஒரு கிட்டாரும் ஒரு கணினியும் கொடுத்துவிடும். மலையாளப் படங்களின் செலவுக் கணக்குக்கு இது பெரிய ஆறுதல். ஆம்ப்ளிஃபயரில் ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும்போது மேலொலிகள் பெருகுவதால், தாழ்ந்த சுரம்கூடச் செல்போன் ஸ்பீக்கரில் காதுக்கு எட்டுகிறது. திரையரங்கையே பார்க்காமல் நேராக வீட்டுக்குள் வந்த படத்துக்கு இது சின்ன விஷயமில்லை. சுஷின் ஷ்யாமின் கைத்திறனைப் பற்றியும் இரண்டு கருத்து இருக்க முடியாது. வீட்டுத் துணியைத் தைத்து உடுத்திக்கொண்டு பறக்கப் பார்க்கிற ஒருவனைச் சிரிப்புக்கும் வியப்புக்கும் நடுவில் நழுவாமல் நிறுத்தியிருப்பது அந்த இசைதான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது: அந்த ஓசை யாருக்காக எழுகிறது என்பதில். அதைக் காண ராக் கிட்டாரின் அடிப்படைச் சொத்தான பவர் கார்டிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு சுரமும் அதன் பஞ்சமமும் மட்டும் சேர்ந்து ஒலிப்பது பவர் கார்ட். காந்தாரத்துக்கு அதில் இடமில்லை. சாதாரண கார்டு மகிழ்ச்சியாகக் கேட்குமா சோகமாகக் கேட்குமா என்று தீர்மானிப்பது காந்தாரம்தான். ஆனால் சிதைந்த ஒலியில் அதைச் சேர்த்தால் எல்லாம் கலங்கிப்போகும் என்பதால் கிட்டார்காரர்கள் அதை விட்டுவிட்டார்கள். மிஞ்சிய சட்ஜமும் பஞ்சமமும் தம்புராவில் ஒலிப்பவையே. பாடகர் வந்து உட்கார்ந்து ராகத்தை எடுக்கும்வரை தம்புரா எந்த உணர்வையும் சொல்லாது. ராக்கிலும் அப்படித்தான். கிட்டார் வலிமையைத் தருகிறது. அந்த வலிமை கோபமா, புலம்பலா, நையாண்டியா, ஜெபமா என்று சொல்வது பாடுகிறவரின் குரல். குரலை உருவி எடுத்துவிட்டு, திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கான ரிஃபை மட்டும் வைத்துக்கொண்டால், யார்மீது வேண்டுமானாலும் போர்த்தக்கூடிய வெறும் வலிமைதான் கையில் நிற்கும். சூப்பர் ஹீரோ படங்களின் பின்னணி இசைக்கு வேண்டியதும் அதுவே.

உலகமே பார்த்த உதாரணம் 'அயர்ன் மேன்'. பிளாக் சபாத் குழு 1970-இல் 'பரனாய்ட்' ஆல்பத்தில் வெளியிட்ட அந்தப் பாட்டுக்கும் மார்வெல் காமிக்ஸ் நாயகனுக்கும் பெயரைத் தவிர உறவில்லை. எதிர்காலத்துக்குப் போய் உலக அழிவைப் பார்த்துத் திரும்புகிற ஒருவன் வழியில் இரும்பாக இறுகிப்போகிறான். எச்சரிக்க வந்தவனை ஊர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கடைசியில் தான் கண்ட அழிவைத் தானே செய்கிறான். அந்த ரிஃபின் சொந்தக்காரர் டோனி அயோமி பர்மிங்காமில் தகட்டு ஆலைத் தொழிலாளியாக இருந்தபோது எந்திரத்தில் சிக்கி இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக் மூடியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டு வாசித்தவர். 2008-இல் வந்த 'அயர்ன் மேன்' படம் முடிகிற இடத்தில், ஆயுத வியாபாரத்தில் பணம் குவித்த டோனி ஸ்டார்க் பத்திரிகையாளர்கள் முன் தன்னை அறிவித்துக்கொண்டதும் இதே ரிஃப் எழுகிறது. ஊர் ஒதுக்கியவனின் பாட்டு கோடீஸ்வரனின் விளம்பர இசையாகிவிட்டது. 1980-இல் 'ஃபிளாஷ் கார்டன்' படத்துக்கு இசையமைத்த குயீன் குழுவினராவது வாய்விட்டுப் பாடினார்கள். 2014-இன் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி'யில் பழைய பாட்டுகள் நாயகனின் இறந்துபோன தாய் பதிவுசெய்து கொடுத்த கேசட்டிலிருந்து வருகின்றன. பாட்டு யாருடையது என்ற கேள்விக்குக் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது. இப்படிப்பட்டவை விதிவிலக்குகள்.

கேரளத்துக்கு ராக் இரவல் சரக்கு, அதற்கு இங்கே பேச என்ன இருக்கிறது என்று கேட்டு இந்தக் குறையை மூடிவிட முடியாது. கொச்சியின் '13 ஏடி' குழு 1990-இலேயே 'கிரவுண்ட் ஜீரோ' ஆல்பத்தைக் கொண்டுவந்தது. அது ஆங்கிலத்தில் பாடியது, 'மதர்ஜேன்' குழுவும் ஆங்கிலத்தில்தான். 2008-இல் ஆல்பம் கொண்டுவந்த 'அவியல்' குழு மலையாளத்திலேயே பாடி அந்தத் தயக்கத்தை உடைத்தது. அந்த ஆல்பத்தின் 'ஆடு பாம்பே' நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. 1888-இல் குரு சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறம் நெய்யாற்றங்கரையில் இருக்கிறது. எல்லை தாண்டித் தமிழ் தெரிந்த எவருக்கும் அந்தப் பாட்டில் பாம்பாட்டிச் சித்தரின் வாடை அடிக்கும். தாழ்த்தி வைக்கப்பட்ட மக்களுக்காகக் கோயில் அதிகாரத்தையே கேள்வி கேட்ட ஒருவரின் வரிகள் மின்கிட்டாரின் மேல் ஏறியபோது ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை. சுஷின் ஷ்யாமும் இந்த மரபின் பிள்ளைதான். கண்ணூரில் உருவான 'தி டவுன் ட்ரொடன்ஸ்' மெட்டல் குழுவில் கீபோர்டு வாசித்தவர் அவர். தெய்யத்தின் தாளத்தை மெட்டல் இசையோடு உரச விட்ட குழு அது. 2014-இல் வந்த அதன் ஆல்பம் சமூகத்தின் மீதான கோபத்திலிருந்து பிறந்தது. ஆகவே குறை அறியாமையால் வந்ததில்லை. ராக் எதற்காகக் கத்துகிறது என்று நன்றாகத் தெரிந்தவரின் கையிலிருந்தே அது வெறும் ஓட்டத்துக்கான ஓசையாக வெளிவந்திருக்கிறது.

'மின்னல் முரளி'யின் கதையமைப்பு இந்தக் குறையைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டுகிறது. ஒரே இரவில், ஒரே மின்னல் இரண்டு பேர் மேல் விழுகிறது. ஜெய்சனுக்கு வாழ்க்கையில் இருக்கிற குறைகள் சில்லறைக் குறைகள்: காதலி வேறொருவனுக்கு நிச்சயமாகிறாள், அமெரிக்கா போக முடியவில்லை. அவனுக்கு வீடு இருக்கிறது, தந்தையின் தையல்கடை இருக்கிறது, கூடவே ஓடிவரும் அக்கா பையன் இருக்கிறான். இன்னொருவன் ஷிபு. டீக்கடையில் எடுபிடி வேலை; சொந்தம் என்று ஒருவருமில்லை; ஊர் அவனைப் பைத்தியக்காரன் என்றே நடத்துகிறது. உஷாவின் மீதுள்ள 28 வருடக் காதலை நெஞ்சுக்குள்ளேயே வைத்து வளர்த்தவன். அவள் மகளின் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்பதற்காகத்தான் வங்கியைக் கொள்ளையடிக்கிறான். உஷா அவனை ஏற்றுக்கொள்கிற நாள் வருகிறது. அதைத் தொடர்ந்து ஊரார் வைத்த தீயில் அவள் சாகிறாள். கூத்துப்பட்டறையில் வளர்ந்த மதுரைக்காரர் குரு சோமசுந்தரம் இந்த ஷிபுவுக்குக் கொடுத்த உடலை மறக்க முடியாது. உஷா சம்மதம் சொன்ன கணத்தில் அவர் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகின்றன. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. தோள் குறுகி, கை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிற மனிதன் அவர்.

ராக் என்கிற இசை வடிவம் உண்டானதே இந்த மனிதனுக்காகத்தான். ஆலையில் விரல் போனவனும் ஊர் எட்டி உதைத்தவனும் தன் பக்கத்து நியாயத்தைக் கத்திச் சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் இருபதாம் நூற்றாண்டில் இல்லை. பிளாக் சபாத்தின் பாட்டுக் கதையும் ஷிபுவின் கதையும் ஒன்றுதான்: கவனிக்கப்படாதவன் ஊரை எரிக்கிறான். ஆனால் படம் கிட்டாரைத் தையல்காரனிடம் கொடுத்துவிட்டு, ஷிபுவுக்கு ஷான் ரஹ்மானின் 'உயிரே' என்ற மெல்லிசையைக் கொடுத்தது. பின்னணியில் ஷிபுவுக்குக் கனத்த ஓசைகள் கிடைக்காமல் இல்லை. அவை அவனைக் கண்டு மற்றவர்கள் அடையும் பயத்தின் ஓசைகள். அவன் பேச நினைத்தது அவற்றில் இல்லை.

இந்தப் பங்கீட்டை ஆதரிப்பவர்கள் சொல்வது எளிதில் தள்ளக்கூடிய வாதமல்ல. வில்லனுக்கு மென்மையான பாட்டைக் கொடுத்ததால்தான் அவன் மனிதனானான், கிட்டாரைக் கொடுத்திருந்தால் வழக்கமான முரடனாகியிருப்பான் என்கிறார்கள். 'உயிரே' அழகான பாட்டு என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் அது ஷிபுவின் காதலை மட்டும் விளக்குகிறது. ஊர் அவனுக்கு என்ன செய்தது என்பதைப் பற்றி அதில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஊரைப் பற்றிய பாட்டு 'குக்கிராமமே'. அது ஊரைச் செல்லமாகக் கிண்டல் செய்து கொஞ்சுகிறது. ஆக, ஊரின் அழகுக்கு ஒரு பாட்டு, நாயகனின் வேகத்துக்கு ஒரு பாட்டு, வில்லனின் காதலுக்கு ஒரு பாட்டு; ஊரின் கொடுமைக்குப் பாட்டே கிடையாது. காதலனாக மட்டும் கேட்கப்பட்டவனைக் கடைசியில் காதல் தோற்றுப் பித்தானவன் என்று அடக்கம்செய்துவிடுவது சுலபம். கதை எழுப்பிய கேள்வியை இசை அணைத்துவிடுகிறது. உச்சக்காட்சியில் ஷிபு ஊர்மீது பாயும்போது பார்வையாளரின் கால் எந்தப் பக்கம் தாளம் போட வேண்டும் என்பது ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது.

2021-ஆம் ஆண்டுக்கான கேரள மாநிலத் திரைப்பட விருதுகளில் இப்படத்தின் இசைப் பகுதிக்குக் கிடைத்தது சிறந்த பின்னணிப் பாடகர் விருது. தமிழ்நாட்டுப் பாடகர் பிரதீப் குமாருக்கு, தாலாட்டுச் சாயல் கொண்ட ஒரு மெலடிக்காக. பின்னணி இசைக்கான விருது 'ஜோஜி'க்காக ஜஸ்டின் வர்கீஸுக்குப் போனது. ராக்கை நடுவர்கள் மதிக்கவில்லை என்று அதன் ரசிகர்கள் குறைப்பட்டுக்கொண்டதற்கு நியாயமில்லை. குரல் இருந்த இடத்துக்கு விருது போயிருக்கிறது. அறிவிப்பு மட்டுமே செய்கிற இசைக்கு என்ன விருது கொடுப்பது?

மின்கிட்டாரைக் கைவிட்டுவிட்டு மண்ணின் கருவிகளுக்குத் திரும்ப வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து சிஎஸ்ஐ சபைகளின் பாடகர் குழுவில் டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் இருப்பதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. கோயில் உற்சவத்துக் கானமேளை மேடையிலும் அவை பழகிப்போனவை. 1956 நவம்பரில் விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்துக்குப் போய், நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றபோது பிரியாமல் இரண்டு பக்கமும் தங்கிய இன்னொன்றைத்தான் இங்கே ஒப்பிட வேண்டும். தமிழில் வில்லுப்பாட்டு, மலையாளத்தில் வில்லடிச்சான் பாட்டு. தமிழும் மலையாளமும் விரவிய தெக்கன் பாட்டுகள் அந்த வில்லின் கீழ் வளர்ந்தவை. இந்த மண்ணின் சூப்பர் ஹீரோ இசை இதுவே என்றால் மிகையாகாது: மனித வரம்பை மீறிய ஆற்றல் பெற்றவர்களின் கதையை விடிய விடியப் பாடுவதுதான் அதன் தொழில்.

அந்தக் கலையில் ஓசை யாருக்கு எழுகிறது என்பது கவனிக்க வேண்டியது. அம்மன் கொடையிலோ மாடன் கொடையிலோ வில்லுக்கு நடுவில் அமர்ந்த புலவர் பிறப்பு, வளர்ப்பு, ஊர் விவகாரம் எல்லாவற்றையும் நிதானமாகப் பாடிக்கொண்டு வருவார். குடம் அடிப்பவர் பத்தியால் குடத்தின் வாயில் அளந்து அளந்து அடிப்பார். சாமி வருவதற்காகப் பாடும் வரத்துப் பாட்டு வந்ததும் வீசுகோல் வேகம் கொள்ளும், உடுக்கை ஏறும், குடத்தின் அடி வயிற்றில் வந்து இடிக்கும். எதிரே சாமியாட நிற்கிற கோமரத்தாடிக்குக் கால் நிலைகொள்ளாது. அத்தனை ஓசையும் அநியாயமாகக் கொல்லப்பட்டுத் தெய்வமாகிப் போன ஒருவருக்காக. கொன்றவனுக்கு அங்கே தாளம் கிடையாது. இரவிக்குட்டிப் பிள்ளை போர்ப் பாட்டின் நாயகனும் வென்றவனல்ல. சொந்தப் பக்கத்தாரின் சதியால் கணியாகுளம் களத்தில் மாண்டவன்.

நீலி கதையில் இது இன்னும் துலக்கம். நாகர்கோவிலுக்குப் பக்கத்துக் கள்ளியங்காட்டில், நம்பிப் பின்னால் வந்த பெண்ணை நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொல்கிறான் ஒருவன். கள்ளிச்செடிதான் சாட்சி. மறுபிறவியில் அவள் நீலியாக வந்து, கள்ளியைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழிதீர்க்கிறாள். இசக்கியம்மனாகக் கும்பிடப்படுகிறவளும் இவள்தான். ஊரின் பார்வையில் அவள் பேய். ஆனால் வில்லுக்கு அவள் வாதி. பாட்டு அவளுடைய வழக்கை முதலிலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் பழிவாங்கலுக்கு வருகிறது. 'மின்னல் முரளி'யை ஒரு வில்லுப்பாட்டுப் புலவர் கையில் கொடுத்திருந்தால் குடமும் உடுக்கையும் ஷிபுவின் பக்கம் போயிருக்கும். ஜெய்சனுக்கு ஊரைக் காப்பாற்றியவன் என்ற மரியாதையோடு இரண்டு வரி மிஞ்சியிருக்கும்.

'லோகா: அத்தியாயம் ஒன்று, சந்திரா' இதே நீலியைத்தான் நாயகியாக்கியது. டொமினிக் அருண் இயக்கம். கல்யாணி பிரியதர்சன் சந்திரா. கதையை மாற்றினார்கள்: கோயிலின் பெயரால் அரசன் அழித்த பழங்குடிக் கூட்டத்தின் பெண் அவள். சாதியின் காயம் நேராகவே சொல்லப்படும் இம்மாற்றம் நல்ல மாற்றம். ஷிபுவும் ஜெய்சனும் ஒரே உடலில் வந்துவிட்டதால் இங்கே பங்கீட்டுச் சிக்கலும் இல்லை. வழக்கும் அவளுடையது, வலிமையும் அவளுடையது. 'மின்னல் முரளி' தவறவிட்டதை அடைய இதைவிட நல்ல வாய்ப்பு வராது. ஜேக்ஸ் பிஜாயின் இசை மின்னணு ஒலியும் ராப்பும் கனத்த தாளமுமாகத் திரையரங்கை ஆட்டியது உண்மை. ஆனால் காதில் தங்குவது பெங்களூரு இரவில் சந்திரா வருகிறாள் என்கிற அறிவிப்பே. அவள் கூட்டம் அழிகிற பகுதியில் இசை துயரத்துக்குத் தாழ்கிறது. அவள் ஆளை அடிக்கிற பகுதியில்தான் உயர்கிறது. துயரம் ஒரு அறையிலும் ஆற்றல் இன்னொரு அறையிலும் பூட்டியே இருக்கின்றன. பாட்டியிடம் கேட்ட நீலியை நினைத்துக்கொண்டு எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படம் பார்க்கப் போனவர்களுக்கு, அவள் எதற்காக வந்தாள் என்பதைத் திரையில் பார்க்க முடிந்தது. காதால் கேட்க முடியவில்லை.

தமிழில் இந்த வகை மெலிந்தது என்பதால் சொல்வதற்கு அதிகமில்லை. மிஷ்கினின் 'முகமூடி' (2012) கே-யின் இசையை முகமூடியின் கம்பீரத்துக்கே பெரிதும் செலவிட்டது. யுவன் சங்கர் ராஜா இசையமைத்த 'ஹீரோ'வில் (2019) கல்வி வியாபாரத்தால் செத்துப்போகிற மாணவி மதிதான் வழக்கின் உரியவள். கருப்பொருள் இசை அவளைத் தாண்டி முகமூடிக்காரனிடம் போய் நிற்கிறது.

'லோகா'வின் அடுத்த அத்தியாயம் டொவினோ தாமஸின் சாத்தனைச் சுற்றியது என்று அறிவித்திருக்கிறார்கள். வடமலபாரில் குட்டிச்சாத்தன் தெய்யமாக ஆடப்படுகிறவன், காளகாட்டு இல்லத்து நம்பூதிரி துண்டு துண்டாக வெட்டிப்போட்ட பையன். ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு சாத்தன் எழுந்தான் என்பது ஐதிகம். தெய்யத்தில் செண்டை உச்சத்துக்குப் போவதும், தெய்வத்தின் கதைப்பாட்டான தோற்றத்தைப் பாடுகிறவர் குரலை உயர்த்துவதும் வெட்டுப்பட்ட அந்தப் பையனுக்காகத்தான். மின்கிட்டார் அங்கே தாராளமாகச் சேரலாம். 'தி டவுன் ட்ரொடன்ஸ்' அதை முன்பே செய்து காட்டியிருக்கிறது. தோற்றம் பாடுகிறவருக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு மைக் வைக்கப்படுமா என்பது படம் வந்தால்தான் தெரியும்.